தாய்க்கும் இரை

குஞ்சைப் பராமரிப்பது என்றால் என்ன? ஊரில் நாம் 'லவ்பேர்ட்ஸ்' என்று அழைத்த அவுஸ்திரேலியச் சிறுகிளிகளை வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் முதலில் பேசுவது குஞ்சைப் பற்றியல்ல, தாய் தகப்பனைப் பற்றித்தான்.

சுமார் 18 நாள் அடைகாத்தபின் வெளிவரும் குஞ்சு ஏறக்குறைய 2 கிராம் நிறைதான் இருக்கும். கண் திறந்திராது, உடம்பில் தூவியும் இராது. சேவல் தானியத்தைத் தின்று, ஊறவைத்து, பெட்டையின் வாயில் கக்கிக் கொடுக்கும். பெட்டை அதைக் குஞ்சுக்கு ஊட்டும். மனிதர் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: முளைவிட்ட தானியம், அவித்த முட்டை, சுத்தமான தண்ணீர், சத்தமில்லாத ஒரு மூலை. இவையெல்லாம் பெற்றோருக்கு. அவை தெம்பாக இருந்தால் குஞ்சு பிழைக்கும். ஒரு மாதம் கழிந்ததும் கூட்டை விட்டு வெளியே வரும்.

யாழ்ப்பாணத்தில் வேறொரு முறை இருந்தது. பட்ட பனையின் பொந்துக்குள் கைவிட்டுக் கிளிக்குஞ்சை எடுப்பார்கள். வாழைப்பழம் ஊட்டி, சிறகு வெட்டி, பேசப் பழக்குவார்கள். அதிலும் அன்பு இருந்தது, பொய்யில்லை. ஆனால் பனையைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்த சோடியை எவரும் கணக்கில் எடுக்கவில்லை.

சுவிஸில் 2008 செப்டெம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, இத்தகைய கிளியைத் தனியே வளர்க்க முடியாது. தன் இனத்தில் துணை வேண்டும். கிளிக்குச் சோடி கேட்கும் நாடு, அகதியை மட்டும் மனைவி பிள்ளைகளைப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைக்கிறதே என்று எம்மவர் கசப்போடு சிரிப்பதுண்டு. அந்தக் கசப்பு நியாயமானது. அதற்காக அந்த விதியை இகழத் தேவையில்லை. நல்ல கூடும் நல்ல தீனியும் சொந்த உறவுக்கு ஈடாகா என்பதைத்தான் அது சொல்கிறது.

மனிதர் விடயத்தில் இதை உணர இந்த நாட்டுக்கு நெடுங்காலம் எடுத்தது. 1926 முதல் 1973 வரை, 'புரோ யுவென்டூட்டே' என்ற சிறுவர் நல நிறுவனம், நாடோடி வாழ்க்கை வாழ்ந்த யெனிஷ் மக்களின் ஏறக்குறைய 600 பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் அந்நியர் வீடுகளிலும் சேர்த்தது. அந்தத் திட்டத்துக்கு 'உதவி' என்றே பெயர். பிள்ளைகளின் நன்மைக்கென்றே பேசினார்கள். பெற்றோரை நோயாகப் பார்த்தார்கள். 1972இல் 'பியோபாக்டர்' சஞ்சிகை இதனை வெளிக்கொணர்ந்தது. 1986இல் அன்றைய ஜனாதிபதி அல்போன்ஸ் எக்லி மன்னிப்புக் கேட்டார். 2025 பெப்ரவரியில், இது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று அரசு ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் பெற்றோர் எப்போதும் சரியானவர்களா? இல்லை. சில பெட்டைகள் குஞ்சின் இறகைப் பிடுங்கும். சில, ஊட்டுவதையே நிறுத்திவிடும். அப்போது கைகட்டிப் பார்த்திருப்பது கொடுமை. அனுபவமுள்ளவர் அந்தக் குஞ்சை எடுத்து, அதே வயதுக் குஞ்சுகள் உள்ள இன்னொரு சோடியின் கூட்டில் வைப்பார். தன் கையால் ஊட்டுவது கடைசி வழி. தலையிடலாமா கூடாதா என்பதல்ல இங்கே கேள்வி. தலையிட்டபின் குஞ்சை யாருடையதாக ஆக்குகிறோம் என்பதே கேள்வி.

எங்கள் வீடுகளைப் பார்ப்போம். பாடசாலையில் ஆசிரியர் பேசுகிறார், பிள்ளை மொழிபெயர்க்கிறது, தாய் தலையாட்டுகிறாள். பிள்ளையின் புள்ளிகள் எல்லோருக்கும் தெரியும். இரவு பதினொரு மணிவரை உணவகச் சமையலறையில் நிற்கும் அந்தத் தாய் டொச் படிக்க நேரம் உண்டா என்று எவரும் கேட்பதில்லை. இது சுவிஸ்காரரின் குறை மட்டுமல்ல. "எல்லாம் பிள்ளைக்காகத்தானே" என்று நாமும் சொல்கிறோம். அந்த ஒரு வசனத்தோடு தாயும் தகப்பனும் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறார்கள்.

வெறும் வயிற்றோடு இருக்கும் பறவையிடம் கக்கிக் கொடுக்க ஒன்றுமிராது. பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று விசாரிக்கும் நாம், தாய் எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள் என்று எப்போது விசாரிக்கப் போகிறோம்?