இரு சமூகங்களும் ஓர் அளவுகோலும்

சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் நண்பர் ஒருவரின் இல்லத் திருமணத்தில், மலேசியாவிலிருந்து வந்திருந்த இரு குடும்பத்தாரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஒரு குடும்பத்தின் பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிச் சென்று, மலாயா இரயில்வேயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றொரு குடும்பத்தின் பாட்டனார் திருச்சிராப்பள்ளிச் சீமையிலிருந்து கங்காணியோடு சென்று, சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். முன்னவரின் பேரர் மருத்துவர். பின்னவரின் பேரர் லாரி ஓட்டுபவர். காசி யாத்திரைக்கு வந்த வழியில் பெண் வீட்டு உறவுமுறையில் திருமணத்திற்கு வந்திருந்தார். இருவரும் நல்ல தமிழ் பேசினர். லாரி ஓட்டுபவரின் தமிழ் இன்னும் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர்கள் எழுந்து சென்றபின், தாம்பூலம் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: “பாருங்கள், இருவருக்கும் மொழி ஒன்று, முருகன் ஒருவன், போய்ச் சேர்ந்த நாடும் ஒன்று. ஒரு கூட்டம் ஏறிற்று, ஒரு கூட்டம் ஏறவில்லை. எல்லாம் உழைப்பும் படிப்பில் ஆசையும்தான் ஐயா.” சுற்றியிருந்த நாம் அனைவரும் தலையாட்டினோம். அந்தத் தலையாட்டல் சரிதானா என்ற கேள்வி அன்றிரவே நம்மைத் தொற்றிக்கொண்டது, இன்னும் விடவில்லை.

பெரியவர் கூற்றில் ஓர் உண்மை இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். இரு வேறு இனத்தாரை ஒப்பிடும்போது பண்பாடு வேறு, சமயம் வேறு, பழக்கம் வேறு என்று காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். மலாயாச் சீனரையும் இந்தியரையும் ஒப்பிடுவோர் அப்படித்தான் செய்கின்றனர். ஆனால் யாழ்ப்பாணத்துத் தமிழரும் தோட்டத்துத் தமிழரும் ஒரே மொழியினர். ஒரே தைப்பூசத்திற்குக் காவடி எடுத்தவர்கள். ஆகவே, இவ்விரு சமூகங்களின் நிலை வேறுபட்டதற்குத் ‘தமிழ்ப் பண்பாடு’ என்பதைக் காரணமாகக் காட்ட முடியாது. வேறு எங்கோ தேட வேண்டும்.

தேடினால் முதலில் எதிர்ப்படுவது ஒரு பள்ளிக்கூடம். யாழ்ப்பாணக் குடாநாடு ஆறில்லாத நிலம். கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் காய்கறியும் விளைவித்த மக்களுக்கு, மைந்தர் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்க நிலம் போதவில்லை. அங்கே 1823இல் அமெரிக்கப் பாதிரிமார் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விக் கூடம் நிறுவினர். அடுத்த ஆண்டே உடுவிலில் பெண்களுக்கும் ஒரு பள்ளி எழுந்தது. பாதிரிமார் கொடுக்க விரும்பியது கிறித்துவம். மக்களில் பெரும்பாலோர் எடுத்துக்கொண்டது ஆங்கிலத்தை. பின்னர்ச் சைவர்களும் தாமே ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கினர். இவ்வாறாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அச்சிறு நிலப்பரப்பில் ஆங்கிலம் படித்த இளைஞர் மிகுந்தனர். அவர்களுக்கேற்ற வேலையோ குறைந்திருந்தது. அதே காலத்தில்தான் கடலுக்கு அப்பால் ஆங்கிலேயர் மலாயாவை ஓர் ஆட்சியமைப்பாகக் கட்டத் தொடங்கினர். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் இரயில் ஓடியது. இரயிலுக்கு நிலைய அதிபர் வேண்டும். கருவூலத்திற்குக் கணக்கர் வேண்டும். நில அளவைக்கும் மருத்துவமனைக்கும் ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும். யாழ்ப்பாணம் அவர்களை அனுப்பியது.

தோட்டத் தமிழர் போன வழி வேறு. ரப்பருக்கு விலை ஏறிய இந்நூற்றாண்டு தொடங்கும் முன்னரே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சிலர் சென்றிருந்தனர். 1910இல் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிமுறை நின்றது, கங்காணிமுறை தழைத்தது. கங்காணி தன் ஊருக்கே வந்து, தன் உறவிலும் அண்டையிலும் ஆள் திரட்டினான். திரட்டப்பட்டோர் தஞ்சை, திருச்சி, சேலம், வடாற்காடு மாவட்டங்களின் நிலமற்ற குடியானவர்கள். அவர்களுள் ஒரு பெரும் பகுதியினர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவிடப்படாத தாழ்த்தப்பட்ட சாதியினர். (‘இந்நூற்றாண்டு’ என்று எழுதிவிட்டோம், சென்ற நூற்றாண்டு என்று திருத்திப் படிக்க வேண்டுகிறோம். பழைய மலர்களைப் படித்த பழக்கம்.) ஆக, ஒருவர் கையில் சான்றிதழ் இருந்தது, மற்றவர் தலையில் கங்காணியின் கணக்கில் கடன் இருந்தது. கப்பல் ஏறும்போதே வேறுபாடு ஏறிவிட்டது.

இறங்கிய பின்னர் அது எவ்வாறு வளர்ந்தது என்பதை, அரசாங்க எழுத்தராகிய நாம் மற்ற எவரையும்விட நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். இரயில்வே எழுத்தருக்கு மாதச் சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம். அவர் வாழ்ந்தது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் போன்ற நகரப் பகுதிகளில். மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பக் காலையில் குளிப்பாட்டித் தலைவாரி விட்டால் போதும். பள்ளி அருகிலேயே இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு நாட்கூலி. குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போயிற்று. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றையக் கூலி இல்லை. பள்ளி இல்லாமற் போகவில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். நடத்தினார்கள். பல இடங்களில் அது ஓர் ஓலைக் கொட்டகை, ஓர் ஆசிரியர், சில வேளை கங்காணியோ கிராணியோதான் அந்த ஆசிரியர். அங்கே சில ஆண்டுகள் தமிழ் படித்த சிறுவனுக்கு அடுத்த வகுப்பு எங்கே இருந்தது? ரப்பர் மரத்தடியில் இருந்தது. தோட்டத்துக்கு வேண்டியது அடுத்த தலைமுறைத் தொழிலாளி; அப்பள்ளி அதற்கு மேல் எதையும் ஆக்க எண்ணப்படவில்லை.

இந்த ஏற்பாடு ஒரு தலைமுறை நடந்தபின், அதன் விளைவுகளுக்கு நாம் பண்புப் பெயர்கள் சூட்டுகிறோம். ஓய்வூதியம் உள்ளவன் சேமித்தால் ‘சிக்கனம்’ என்கிறோம். நாட்கூலிக்காரன் கையில் மிஞ்சாதபோது ‘ஊதாரித்தனம்’ என்கிறோம். பள்ளிக்கு அருகில் வாழ்ந்தவன் பிள்ளை படித்தால் ‘கல்வியார்வம்’. பள்ளியே ஆறாண்டில் முடிந்துபோனவன் பிள்ளை படிக்காவிட்டால் ‘அக்கறையின்மை’. தோட்டத் தமிழரைப் பற்றிப் பேசுவோர் எவரும் கள்ளைச் சொல்லாமல் விடுவதில்லை. குடித்தார்கள், மெய்தான். ஆனால் அந்தக் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே, நிர்வாகத்தின் இசைவோடு, அரசு உரிமம் பெற்று நடந்தது. மாலையில் கொடுத்த கூலியை இரவுக்குள் திரும்பப் பெற்றுக்கொள்ளும் அந்த ஏற்பாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1930இன் உலக மந்தத்தின்போது, ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகக் குறைக்கப்பட்டிருந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். சீனத் தொழிலாளிக்குக் கிடைத்த கூலி தமக்கும் வேண்டும் என்று 1941இல் கேட்டனர். கேட்டது கூலி மட்டுமன்று. பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னனர். துரையோ தோட்டத்து அலுவலர்களோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னனர். குடிகாரர், படிப்பில் அக்கறையற்றவர் என்று நாம் எவரைச் சொல்கிறோமோ, அவர்கள் எழுதிக் கொடுத்த கோரிக்கைகள் இவை. விடையாகப் படை வந்தது; துப்பாக்கி சுட்டது; உயிர்கள் போயின. அவர்கள் தலைவரான ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் ஜப்பானியர் வந்தனர். சயாம் மரண இரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரமாயிரமாக அள்ளிச் செல்லப்பட்டனர். மிகப் பலர் திரும்பவில்லை.

அந்த மிதிவண்டிச் செய்தியைப் படித்தபோது நமக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. வண்டியிலிருந்து இறங்கி யாருக்கு வழிவிட்டார்கள்? வெள்ளைத் துரைக்கு மட்டுமன்று. நம்மைப் போலப் பேனா பிடித்த கிராணிக்கும்தான்.

அப்படியாயின் முயற்சிக்கு மதிப்பே இல்லையா என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயம். வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்து, சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரான எஸ். இராஜரத்தினமோ, பிரிக்பீல்ட்ஸில் பிறந்து பெருஞ்செல்வரான ஆனந்த கிருஷ்ணனோ, வெறும் வாய்ப்பினால் மட்டும் உயர்ந்தார் என்று சொல்வது அறிவீனம். திறந்த கதவு வழியாகவும் கால்தான் நடந்து போக வேண்டும். மேலும், ‘எல்லாம் சூழ்நிலை’ என்று முடித்துவிடுவதில் தோட்டத் தமிழருக்கே ஓர் அவமதிப்பு இருக்கிறது. அவர்களைச் சூழ்நிலை உருட்டிய கல்லாக்கிவிடுகிறோம். 1941இல் எழுந்து நின்றவர்கள் கற்களல்லர். அதற்குப் பின்னும் அவர்கள் வாளாவிருக்கவில்லை. வெள்ளையர் தம் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, வி. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் தம் சிறு சேமிப்பைப் போட்டுத் தோட்டங்களை வாங்கினர். கல்வியில் ஏறிய தோட்டத்துப் பிள்ளைகளும் பலர் உண்டு. ஆனால் 1980களுக்குப் பின் செம்பனையும் வீட்டுமனையும் தோட்டங்களை விழுங்கியபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகர விளிம்புகளுக்குத் தள்ளப்பட்டன. 2007 நவம்பரில் கோலாலம்பூர்த் தெருக்களில் திரண்ட கூட்டத்தின் பின்னணியில் அந்தக் கசப்பும் இருந்தது.

நம் ஐயம் முயற்சியைப் பற்றியதன்று. அதைக்கொண்டு எழுதும் தீர்ப்பைப் பற்றியது. நம் பாட்டன் படித்தான் என்று பெருமைப்படலாம். ‘அதனால் உன் பாட்டன் படிக்காதது அவன் குற்றம்’ என்று அடுத்த வரியை எழுத நமக்கு எங்கிருந்து உரிமை வந்தது? முதல் வரி உண்மையாயிருப்பதால் இரண்டாம் வரி உண்மையாகிவிடாது. பந்தியில் நாம் தலையாட்டியது இரண்டாம் வரிக்கு.

அளவுகோலைப் பற்றியும் ஒரு சொல். வீடு, வருமானம், பட்டம் என்று அளந்தால் ஒரு கூட்டம் முன்னே நிற்கிறது. ஒரு தமிழ்ச் சங்க மலரில் எழுதுகிறோமாதலால், தமிழைக்கொண்டும் அளந்து பார்ப்போமே. மலேசியாவில் இன்றும் 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல தோட்டத்துக் கொட்டகைகளாகப் பிறந்தவை. அவற்றைத் தாங்கி நிற்போர் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளரின் வழிவந்தவர்கள். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்காகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டபோது, பால்மரம் சீவிய கைகளும் காசு கொடுத்தன. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய தனிநாயகம் அடிகளார் யாழ்ப்பாணத்தார் என்பதையும் மறைக்கலாகாது. ஆனாலும், வீட்டில் ஆங்கிலமே பேசும் பேரப்பிள்ளைகள் எந்தச் சமூகத்தில் மிகுதி என்று கேட்டால், நம் தில்லி இல்லங்களை நினைத்துக்கொண்டே விடை சொல்லிவிடலாம்.

தில்லியை இங்கு இழுத்தது தற்செயலன்று. நம் தந்தையர் இந்நகருக்கு வந்தது எதைக் கையில் கொண்டு? கும்பகோணத்திலும் மாயவரத்திலும் பாலக்காட்டிலும் தெருவுக்குத் தெரு இருந்த தட்டச்சுப் பயிலகங்கள்தாம் நம் வட்டுக்கோட்டை. தட்டச்சில் மேல்நிலை, சுருக்கெழுத்து, ஓர் உறவினரின் முகவரி; இம்மூன்றோடு இரயிலேறிக் கரோல்பாகில் இறங்கினர். ஏறத்தாழ அதே காலத்தில் சேலம், விழுப்புரம் பக்கங்களிலிருந்து வேறு தமிழரும் வந்தனர். அவர்கள் கையில் சான்றிதழ் இல்லை. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலோரம் குடிசை போட்டு, நம் வீடுகளில் பாத்திரம் துலக்கினர். நம் கட்டடங்களுக்குச் சாந்து சுமந்தனர். அரைநூற்றாண்டுக்குப் பிறகு, 2025 ஜூன் 1ஆம் நாள், நீதிமன்ற ஆணைப்படி அந்த மதராசிக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. தகுதியுடையோர் எனக் கண்டறியப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில், நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. அரசுக் குடியிருப்பைக் காலிசெய்ய வேண்டிய நாளை நாமும் எண்ணிக்கொண்டுதான் வாழ்கிறோம்; ஆனால் நமக்கு அந்நாள் ஓய்வூதியத்தோடு வரும்.

நம் குடியிருப்பில் மாடிப்படி பெருக்கும் அம்மையார் அங்கிருந்து நரேலாவுக்குப் போனவர். அவர் மகளும் நம் மகளும் ஒரே தமிழ்ப் பள்ளியில், ஒரே வகுப்பில் படிக்கின்றனர். பாதி ஆண்டில் பள்ளி மாற்ற மனமில்லாமல், அந்தப் பெண் விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, ஒரு பேருந்து, பிறகு மெட்ரோ, மறுபடி ஒரு பேருந்து என்று வந்துகொண்டிருந்தாள். நம் மகளுக்குப் பத்து நிமிட நடை. அரையாண்டுத் தேர்வில் தமிழில் நம் மகள் மூன்று மதிப்பெண் கூடுதலாகப் பெற்றாள். அன்று மாலை வீட்டில் பாயசம் வைத்தோம்.