கதியின்மைக்கு ஓர் அத்தாட்சி

சரணாகதி மார்க்கத்தை உபதேசித்த வைஷ்ணவ ஆசாரியர்கள், இறைவனிடம் அடைக்கலம் புகுகிறவனுக்கு வேண்டிய யோக்கியதை யாதெனில், தன் கையில் வேறு உபாயம் ஏதுமில்லை என்னும் ஆகிஞ்சன்யமும், தனக்குப் போக்கிடம் வேறில்லை என்னும் அநந்யகதித்வமுமே என்று சொன்னார்கள். இயலாமையையே அதிகாரமாக்கிய இந்த அபூர்வமான கொள்கைக்கு, பக்தியோடு யாதொரு சம்பந்தமுமில்லாத அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் காரியாலயங்களில் ஒரு விபரீதமான பிரதிபிம்பம் இருப்பதை, உடற்பருமனுக்கு அறுவை சிகிச்சை வேண்டி விண்ணப்பிப்பவர்களின் கதையை அறிந்தவர்கள் உணர்வார்கள்.

அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1991-இல் கூட்டிய நிபுணர் மகாநாடு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் 40-க்குக் குறையாதவர்களும், 35-க்கு மேற்பட்டுக் கடுமையான துணைநோய்களும் உடையவர்களும் இச்சிகிச்சைக்கு உரியவர்கள் என்று வரையறுத்தது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 40 என்பது ஏறத்தாழ 116 கிலோ. (இந்தக் கணக்கை முதலில் வகுத்த பெல்ஜிய தேசத்துக் கெத்தலே ஒரு வானசாஸ்திரி; சராசரி மனிதனைத் தேடினாரேயன்றி, எந்த நோயாளியின் தலைவிதியையும் நிர்ணயிக்க அவர் நினைக்கவில்லை.)

எண் ஒன்றே போதுமென்றால் விவகாரமில்லை. பல கம்பெனிகள், பணம் தரச் சம்மதிக்குமுன், விண்ணப்பதாரர் மூன்று மாதமோ ஆறு மாதமோ இடைவிடாமல் வைத்தியர் மேற்பார்வையில் பத்தியம் இருந்து, மாதந்தோறும் எடை பார்த்துப் பதிவு செய்த தஸ்தாவேஜுகளைக் கேட்கின்றன. ஒரு மாதம் தவறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேர்வதும் உண்டு. அந்த மாதங்களில் எடை ஏறினால், சிரத்தையில்லாதவர் என்று சில திட்டங்கள் நிராகரிக்கும்; எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டாலோ, இனி சிகிச்சை எதற்கு என்று வேறு சில கேட்கும்.

அந்த ஆசாரியர்களில் வடகலையார் மர்க்கட நியாயம் பேசினார்கள்: தாயைப் பற்றிக்கொள்ளும் அளவுக்காவது குரங்குக் குட்டியின் முயற்சி வேண்டும். தென்கலையார் மார்ஜார நியாயம் பேசினார்கள்: பூனை தானே கவ்விச் செல்லும், குட்டி செய்ய வேண்டுவது ஒன்றுமில்லை. இரண்டில் எதை ஏற்றாலும் ஜீவனுக்கு ஒரு வழி உண்டு. கம்பெனியோ, பற்றியதற்கும் அத்தாட்சி கேட்டு, பிடி நழுவியதற்கும் அத்தாட்சி கேட்கிறது. எவ்வளவு கடுமையான வைதிகரும் இத்தனை நிர்ப்பந்தத்தைக் கற்பித்ததாக எனக்குத் தெரியவில்லை.

அறுவைக்கு முன் சுமார் இரண்டு வாரம் வைத்தியர் விதிக்கும் குறைந்த கலோரி உணவை இதனோடு சேர்த்து எண்ணலாகாது. அதனால் கல்லீரல் சுருங்குகிறது. அதன் அடியிலுள்ள இரைப்பையைக் கருவிகள் எளிதில் எட்டுகின்றன. அந்தப் பத்தியத்தின் நோக்கம் தேகத்தில் இருக்கிறது. கம்பெனி விதிக்கும் ஆறு மாத விரதத்தின் நோக்கமோ, பருத்தவன் போஜனப் பிரியன், ஆகவே பிராயச்சித்தம் செய்யாமல் தயைக்குப் பாத்திரனாகான் என்ற பழைய தீர்ப்பில் இருப்பதாகவே நான் கருதுகிறேன். உடற்பருமன் அறுவை வைத்தியர்களின் அமெரிக்கச் சங்கமே, இத்தகைய கட்டாய எடைக் குறைப்புக்கு விஞ்ஞான ஆதாரமில்லை என்று 2016-இல் கண்டித்துவிட்டது.

பொது நிதியைப் பரிபாலிப்பவர்கள் எங்கேனும் ஓர் எல்லைக்கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோடு எங்கே விழுகிறது என்பதும் பார்க்கத்தக்கது. நம் நாட்டு இன்ஷூரன்ஸ் ஒழுங்காற்று ஆணையம் 2019-இல் வகுத்த விதியும், பதினெட்டு வயது நிரம்பியவராய், எளிய முறைகளில் எடை குறையாதவராய் இருப்பதோடு, அதே 40 என்ற எண்ணையோ, கடிய துணைநோயுடன் 35-ஐயோ கேட்கிறது. ஆசிய தேகங்களில் நீரிழிவு குறைந்த எடையிலேயே தலைகாட்டுவதால், 27.5-ஐத் தாண்டியவர்களுக்கே சிகிச்சை அளிக்கலாம் என்று சர்வதேச வைத்திய சங்கங்களின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. ஆகவே 170 சென்டிமீட்டர் உயரமும், 95 கிலோ எடையும், கட்டுக்கடங்காத நீரிழிவும் உடைய ஒருவருக்கு வைத்தியர் சிகிச்சையைச் சிபாரிசு செய்யலாம். கம்பெனி பணம் தர வேண்டியதில்லை. இன்னும் ஆறு கிலோவுக்குச் சற்று மேல் அவர் பருத்தால்தான் அந்த விதியின்படி அவருக்கு அருகதை பிறக்கும்.