பத்தாவதோடு நிறுத்திய முதலீட்டாளர்

"நிகில் காமத் பத்தாவதோட நிறுத்தினவர்தானே? நான் மட்டும் எதுக்கு பன்னெண்டாவது முடிக்கணும்?" பங்குச்சந்தை ஆசை பிடித்த பதினேழு வயதுக்காரர்கள் கேட்கும் கேள்வி. படிக்கச் சோம்பல்பட்டுக் கேட்கிறார்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் நியாயம் இருக்கிறது.

சந்தை யாரிடமும் மார்க் ஷீட் கேட்பதில்லை. பதினெட்டு வயதும் பான் கார்டும் வங்கிக் கணக்கும் போதும். அமெரிக்காவின் ஜெஸ்ஸி லிவர்மோர் 14 வயதில் பாஸ்டன் தரகு நிறுவனம் ஒன்றில் பலகையில் விலை எழுதும் பையனாகச் சேர்ந்தவர். 1929 சரிவில், விலை இறங்கும் என்று பந்தயம் கட்டிப் பெருஞ்செல்வம் சேர்த்தார். 1934இல் திவாலானார். 1940இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

படித்திருந்தால் தப்பியிருப்பார் என்று சொல்ல முடியாது. பொருளாதாரத்தில் நோபல் வாங்கிய இருவர் பங்குதாரர்களாக இருந்த லாங் டெர்ம் கேப்பிடல் மேனேஜ்மென்ட், பரிசு கிடைத்த மறுவருடமே, 1998இல், கவிழ்ந்தது. ஆக, படிப்பு நஷ்டத்தைத் தடுக்கும் என்ற வாதம் நிற்காது. அப்புறம் எதுக்குத்தான் படிக்கணும்?

செபி 2024இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ வணிகம் செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரியாக ஆளுக்கு சுமார் 2 லட்சம் ரூபாய். இவர்களில் பட்டதாரிகளும் இருப்பார்கள். ஆனால் பணம் போன மறுநாள் காலை எல்லோருக்கும் ஒன்றாக விடிவதில்லை. கையில் சான்றிதழ் இருப்பவர் திட்டிக்கொண்டே வேலைக்குப் போவார். இல்லாதவர் போன பணத்தை அதே சந்தையில்தான் தேட வேண்டும், இன்னும் பெரிய பந்தயம் கட்டி.

பெஞ்சமின் கிரகாம் முதலீட்டுக்குச் சொன்ன அடிப்படைப் பாடம் இதுதான்: உன் கணிப்பு தப்பினாலும் தாங்குகிற அளவுக்கு இடைவெளி விட்டு வாங்கு. பங்குக்குச் சொன்னதை வாழ்க்கைக்கும் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டாவது அந்த இடைவெளி. விலையும் மலிவு, இரண்டு வருடம். ஒரே பங்கில் மொத்தப் பணத்தையும் போடாதே என்று மனப்பாடமாகச் சொல்கிற பையன், தன் எதிர்காலம் மொத்தத்தையும் ஒரே தொழிலில் போட்டால் அவனுக்கு முதலீடு இன்னும் புரியவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று, யார் பணம் என்பது. நம் காசை இழக்க யாரும் தகுதி கேட்பதில்லை. அடுத்தவர் காசுக்கு ஆலோசனை சொல்ல வந்தால் செபி பட்டம் கேட்கிறது, தேர்வும் எழுதச் சொல்கிறது. பட்டம் நேர்மைக்கு உத்தரவாதம் இல்லைதான். ஆனாலும் ஓய்வூதியப் பணத்தை ஒருவர் நம்மிடம் தரும்போது, 'நான் கெட்டிக்காரன்' என்ற நம் வார்த்தையைத் தவிர வேறு ஏதாவது கேட்க அவருக்கு உரிமை உண்டு. முதலீட்டைத் 'தொழிலாக' எடுப்பவர்களில் பெரும்பாலோர் கடைசியில் வந்து நிற்கும் இடம் அடுத்தவர் பணம்தான்.

நிகில் காமத் கதையையும் முழுசாகச் சொல்ல வேண்டும். அவர் கால் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டே வணிகம் செய்தவர். 2010இல் ஜெரோதாவைச் சேர்ந்து தொடங்கிய அண்ணன் நிதின் பொறியியல் படித்தவர். அவர்களுடைய பெருஞ்செல்வம் அந்தத் தரகு நிறுவனத்திலிருந்து வந்தது. ரீல்ஸில் சுற்றும் கதையில் சம்பளமும் அண்ணனும் தரகும் காணாமல் போய், 'பத்தாவது' மட்டும் மிஞ்சுகிறது. தோற்ற ஆட்களை யாரும் பேட்டி எடுப்பதும் இல்லை.

வீட்டு நிலைமையால் படிப்பை விட்டவர்களைக் குறைசொல்ல இதில் எதுவும் இல்லை. அவர்கள் இடைவெளியை வேண்டாம் என்று சொல்லவில்லை, அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தனித்தேர்வராகவோ திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ பிறகு எழுதி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். கிடைத்ததைத் தூக்கி எறிய நினைக்கும் தம்பியிடம் கேட்க ஒரே கேள்விதான்: "உன் கணக்கு தப்பாப் போச்சுன்னா, மறுநாள் எங்க போவ?" பதில் இருந்தால் சரி. இல்லையென்றால் தேர்வு எழுதிவிட்டு வரட்டும். சந்தை எங்கேயும் போய்விடாது.