பிரேக் இல்லாத சைக்கிள்

சென்ற பொங்கலுக்கு நெய்வேலி போயிருந்தேன். என் தமக்கை அங்கே இருக்கிறாள். அவள் கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. என் தகப்பனாரும் அதே சுரங்கத்தில் பம்பு ஓட்டி ஓய்வு பெற்றவர்தான். வட்டம் என்றும் எண் என்றும் சொல்லி விலாசம் எழுதும் டவுன்ஷிப்பில் பிறந்தவனுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று உண்டா என்று என்னைக் கேலி செய்யும் நண்பர்கள் உண்டு. அது வேறு சங்கதி.

பொங்கலன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அக்காள் மகன் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினான். பத்தொன்பது வயதுப் பிள்ளை; பாலிடெக்னிக்கில் படிக்கிறான்.

"என்னடா இது, மளிகைச் சாமான் பட்டியலா?"

"சைக்கிள், மாமா. ஒவ்வொண்ணா வாங்கி நானே பூட்டப் போறேன்."

கலியாணத்துக்கு நகை எடுக்கிறவர்கள் கூட இத்தனை கவனமாகப் பட்டியல் போட்டு நான் பார்த்ததில்லை. பிரேம், போர்க், ஹாண்டில் பார், பின் சக்கரத்து ஹப், அதன் பல்சக்கரம், கிராங்க், பெடல், கால்பட்டை. எதிரே விலை. அடியில் கூட்டிப் போட்ட தொகை 28,000 ரூபாய். அந்தத் தொகைக்காகத்தான் காகிதம் என்னிடம் வந்திருக்கிறது என்பது புரிந்தது. ஆனால் பட்டியலில் மணி இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை. இரண்டாம் முறை படித்த பிறகுதான் கவனித்தேன்: பிரேக்கும் இல்லை.

"பிரேக் எங்கேடா?"

"அதுக்கு அவசியமில்லை, மாமா."

உள்ளேயிருந்து அவன் தகப்பனார் குரல் வந்தது: "நல்லாக் கேளுங்க! சுரங்கத்திலே நிலக்கரி போற பெல்ட்டுக்குக் கூட ஓரத்திலே ஒரு கயிறு கட்டியிருக்கு. ஆபத்துன்னா இழுத்தா நிக்கும். இவனுக்கு அது கூட வேண்டாமாம்!"

சண்டை பல நாளாக நடக்கிறது என்பது தெரிந்தது. என்னை நடுவராக்கிவிட்டார்கள். கதை எழுதுகிறவனுக்கு நியாயம் தெரியும் என்று உறவினர்கள் ஏனோ நம்புகிறார்கள்.

பையன் பூட்ட நினைப்பது, பின் சக்கரமும் பெடலும் ஒன்றோடொன்று பிணைந்த வித்தைச் சைக்கிள். நாம் ஓட்டும் சைக்கிளில் காலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிறதல்லவா? பின்னால் உள்ள ப்ரீவீல் செய்யும் உபகாரம் அது. அதை எடுத்துவிட்டால் சக்கரம் சுற்றும் வரையில் பெடலும் சுற்றும். கால் ஓய முடியாது. பின்னால் மிதித்தால் சைக்கிளும் பின்னால் போகும். சர்க்கஸில் ஒற்றைச் சக்கரம் ஓட்டும் பெண் முன்னும் பின்னுமாக ஆடி ஒரே இடத்தில் நிற்பது இந்தப் பிணைப்பினால்தான்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆதியில் எல்லாச் சைக்கிளும் இப்படித்தான் இருந்தன. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ப்ரீவீல் பரவியது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் என்பவர், ஓட்டத்தையும் பிரேக்கையும் ஒரே ஹப்புக்குள் அடக்கி 1903-ல் வெளியிட்டார். ஜப்பானில் 1948-ல் ஆரம்பித்த கெய்ரின் பந்தயத்தில் இன்றைக்கும் ப்ரீவீலும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. அந்தப் பந்தயச் சைக்கிள்களை மேல்நாட்டு இளைஞர்கள் தெருவுக்குக் கொண்டுவந்து, குதிக்கவும் சுழலவும் பழகினார்கள். பந்தயத்துக்குச் செய்த மெல்லிய பிரேம் குதிப்புக்குத் தாங்கவில்லை. ஹாண்டில் பாரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் முன் டயர் பிரேமின் கீழ்க்குழாயில் இடித்தது. ஆகவே சக்கரத்தைச் சிறிதாக்கினார்கள், முன்புறத்தை நீட்டினார்கள், குழாயைத் தடிப்பாக்கினார்கள். இவ்வளவும் பையன் எனக்குச் சொன்ன பாடம். முன் பிரேக் வைத்தால் அதன் கம்பி ஹாண்டிலோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் வேண்டாம் என்கிறான். பின்னால் அழுத்தி மிதித்தே சைக்கிளை நிறுத்திவிடலாமாம்.

"செயின் அறுந்தால்?"

அவன் சற்று யோசித்தான். "அப்போ விழணும்தான். என் உசிருதானே, மாமா?"

இந்தக் கேள்விக்கு நம்மிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது. உன் உயிர் உன்னுடையதல்ல. பெற்றவளுடையது, பிறகு கட்டினவளுடையது, கடைசியில் கடவுளுடையது. பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். நானும் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்த அத்தானைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை. பனை ஏறுகிறவனிடம் நாம் இந்த உபதேசம் செய்வதில்லை. சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறவனிடம் செய்வதில்லை. சுரங்கத்துக்குப் போகிறவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புகிறோம். நமக்குப் பதநீரும் சுத்தமும் மின்சாரமும் வேண்டியிருக்கின்றன. ஆகவே அந்த ஆபத்துக்கு உழைப்பு என்று பெயர். நமக்கு உபயோகமில்லாத ஆபத்து என்றால் மட்டும் திமிர் என்கிறோம். பையன் இதைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. நல்லவேளையாகக் கேட்கவில்லை.

நெய்வேலியே ப்ரீவீல் இல்லாத ஊர்தான். 1957-ல் நேரு தொடங்கி வைத்த சுரங்கத்தில் 1961-ல் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. அந்தக் கரிப் படிவத்துக்கு அடியில் ஊற்று நீர் மேலே முட்டிக்கொண்டு இருக்கிறது. அதை இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தரையாக இருக்கும். பம்பு நின்றால் தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். என் தகப்பனார் தீபாவளி ராத்திரியிலும் ஷிப்டுக்குப் போவார். "ஊத்துக்குத் தீபாவளி தெரியாதுடா" என்பார். கால் ஓய முடியாத சைக்கிள் என்று பையன் சொன்னதும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. ஆனால் அவர் அதை விடுதலை என்று சொன்னதில்லை. "சக்கரமும் நானும் ஒண்ணாயிடுறோம், மாமா, அதுதான் சுதந்திரம்" என்கிறான் இவன். மிதிக்காமல் இருக்க முடிவதல்லவா சுதந்திரம் என்று கேட்டேன். சிரித்தான். நாற்பத்தைந்து வயதில் மாமாவுக்கு அப்படித்தான் தோன்றும் என்ற சிரிப்பு.

என் தயக்கத்துக்கு உண்மையான காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

1991-ம் வருஷம். எனக்குப் பதினோரு வயது. எங்கள் வட்டத்து மைதானத்தில் ஒருவர் ஏழு நாள் சைக்கிள் சுற்ற வந்தார். இன்றைய பிள்ளைகள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நடுவில் ஒரு கம்பம், அதைச் சுற்றி வட்டம், சீரியல் விளக்கு, குழாய் ஒலிபெருக்கி. அந்த மனிதர் ஏழு நாளும் கால் தரையில் படாமல் சுற்ற வேண்டும். சாப்பாடும் குளியலும் சைக்கிள் மேலேயே. சாயங்காலம் ஆனால் வித்தை: ஸீட்டில் நிற்பது, ஹாண்டில் மேல் உட்கார்ந்து ஓட்டுவது, பல்லால் குடத்தைத் தூக்குவது, மார்பில் டியூப் லைட்டை உடைப்பது. பிடித்தவர்கள் ஓடிப்போய்ச் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள்.

இவருடைய விசேஷம் பின்னால் ஓட்டுவது. அதற்காகச் சாதாரண ப்ரீவீலை வெல்டு வைத்து இறுக்கியிருந்தார். ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முதல் நாள், வாடகைச் சைக்கிள் கடையில் அந்த வேலை நடந்தபோது நான் அங்கே காற்றடிக்க நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "அண்ணே, வெல்டு நிக்கும். ஆனா மரை வலதுபக்கத்து மரை. முன்னால மிதிச்சா இறுகும்; பின்னால மிதிச்சா கழலும். இதுக்குன்னு தனி ஹப் இருக்கு, இடது மரையிலே ஒரு வளையம் போட்டுப் பூட்டற மாதிரி. மெட்ராஸ்ல கிடைக்கும்."

"அடுத்த ஊர்ல பாத்துக்கலாம். லைட்டுக்கும் ரேடியோ செட்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்துட்டேன்" என்றார் அவர்.

சைக்கிளைப் பற்றி அன்று நான் கற்றுக்கொண்ட பாடம் அது. முன்னால் மிதிக்கும்போது தானே இறுகும் மரை, பின்னால் அழுத்தினால் தானே அவிழும். அதைப் பிடித்து வைப்பது எதிர்த்திசையில் முடுக்கிய ஒரு சின்ன வளையம். கூட்டத்தில் ஒருவர் கண்ணுக்கும் அது தெரியாது. விளக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. விளக்கு இல்லாவிட்டால் கூட்டம் வராது. கூட்டம் வராவிட்டால் வளையம் வாங்கப் பணம் ஏது?

நான்கு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் பிள்ளைகள் எல்லோரும் "பின்னால! பின்னால!" என்று கத்தினோம். எல்லோரையும் விட நான்தான் உரக்கக் கத்தினேன். அம்மா கொடுத்த ஒரு ரூபாய் நோட்டைக் கையில் பிடித்து ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பின்னால் ஓட்ட ஆரம்பித்தார். இரண்டு சுற்று முடிந்தது. மூன்றாவதில் பெடல் சட்டென்று வெறுமனே சுழன்றது. ஸீட்டின் மேல் ஒரு காலும் பெடலில் ஒரு காலுமாக நின்றவர் அப்படியே பக்கவாட்டில் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது.

கால் தரையில் பட்டுவிட்டது. ஏழு நாள் என்று பேசிய பணம் ஐந்து நாளில் விழுந்தவனுக்கு எப்படிக் கிடைக்கும்? பெரியவர்கள் கூடிப் பேசி ஏதோ கொடுத்தனுப்பினார்கள். விளக்குக்காரனும் ரேடியோ செட்காரனும் தங்கள் பாக்கியை வாங்கிக்கொண்டு போனார்கள். என் ஒரு ரூபாய் என் கையிலேயே இருந்தது.

கூட்டத்தில் கத்தியவர்கள் நூறு பேர் இருப்பார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. மரை கழலும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பதினோரு வயதுப் பையனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் பெருந்தன்மையாகச் சொல்லலாம். தெரிந்ததனால்தான் கத்தினேனோ என்று எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. கழலுமா, கழலாதா என்று பார்க்கும் ஆசை. அந்த ஆசையை நான் யாரிடமும், என் தகப்பனாரிடம் கூட, சொன்னதில்லை.

ஆகவே, ஆபத்தை ஏற்கிறவனுக்கு அந்த உரிமை உண்டா என்ற கேள்வி என்னை அவ்வளவாக உறுத்துவதில்லை. பக்கத்தில் நின்று பார்க்கிறவனுக்கும், பணம் கொடுக்கிறவனுக்கும் அதில் எவ்வளவு பங்கு என்பதுதான் உறுத்துகிறது. இப்போது 28,000 ரூபாய் கேட்கிறான் பையன். அன்றைக்கு ஒரு ரூபாய்.

பாதையில் போகிறவன் நிலைமை இன்னொன்று. லண்டனில் 2016-ல், முன் பிரேக் இல்லாத இதே மாதிரிச் சைக்கிளில் வந்த பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் தெருவைக் கடந்த ஒரு பெண்மணி மீது மோதினான், அவர் இறந்துபோனார். குதிரை வண்டிகள் ஓடிய 1861-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றைத் தேடி எடுத்து, மறு வருஷம் அவனுக்கு 18 மாதத் தண்டனை விதித்தார்கள். 'என் உயிர்தானே' என்ற வாதம் அந்த அம்மாளின் வீட்டில் எடுபடாது. இந்தக் கதையைப் பையனிடம் சொன்னேன். அவன் முகம் மாறியது. "ரோட்டிலே நான் ஏன் மாமா வித்தை காட்டறேன்?" என்றான். மைதானத்துக்குப் போக ரோட்டில்தானே போக வேண்டும் என்றேன்.

பிறகு பட்டியலை மறுபடி படித்தேன், இந்தத் தடவை விலைகளை மட்டும். அவன் அதிகப் பணம் ஒதுக்கியிருந்தது ஹப்புக்கு. பக்கத்தில் பொடி எழுத்தில், 'இடது மரை வளையத்தோடு' என்று எழுதியிருந்தான். பின் சக்கரத்துக்கு 36 கம்பி, தடித்த அச்சு. பெயிண்டுக்கு எதிரே ஒரு கோடு போட்டிருந்தான். கேட்டேன்.

"கறுப்பு பிரைமர் மட்டும் அடிச்சா போதும். வெல்டு விட்டா கண்ணுக்குத் தெரியணுமில்லே? பளபளன்னு பெயிண்ட் அடிச்சா விரிசல் தெரியாது."

எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. ஆனால் போர்க்குக்கு நேரே வெறும் 900 ரூபாய் இருந்தது. குதித்து இறங்கும்போது மொத்தப் பாரமும் முதலில் விழுவது அங்கேதான்; அது ஒடிந்தால் பல்லும் தாடையும் போகும். "இதுலே ஏண்டா மிச்சம் பிடிக்கிறே?" என்றேன்.

"மொத்தம் முப்பதைத் தாண்டினா நீங்க தர மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அன்றைக்கு மெட்ராஸில் கிடைத்த ஹப்பை நினைத்துக்கொண்டேன். போர்க்குக்கு 6,000 போட்டுத் தொகையைத் திருத்தி எழுதச் சொன்னேன். கூடவே ஒரு முன் பிரேக். ஒற்றை நட்டில் கழற்றி மாட்டுகிற மாதிரி. ரோட்டில் இருக்க வேண்டும்; மைதானத்தில் கழற்றிக்கொள்ளலாம். அவனுக்கு அரை மனசு. அவன் தகப்பனாருக்கு அதுவும் இல்லை. என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அக்காள் மட்டும், ஹெல்மெட் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். இல்லை. எழுதிச் சேர்த்தோம்.

சித்திரையில் மறுபடி போனேன். சைக்கிள் தயாராகியிருந்தது. பார்க்க ஓர் அழகும் இல்லை; கறுப்பாக, எலும்பும் தோலுமாக இருந்தது. டவுன்ஷிப்பின் அகன்ற மரச்சாலையில் எனக்கு முன்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான், கால் ஓயவேயில்லை. அதே மைதானம். நடுக்கம்பம் இல்லை. அவன் பையிலிருந்து ஸ்பானரை எடுத்துப் பிரேக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தான். இரண்டு மூன்று பிள்ளைகள் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

"பின்னால ஓட்டிக் காட்டட்டுமா, மாமா?"

"இரு" என்று சொல்லிவிட்டுப் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தேன். வளையத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. அதற்கான சாவியைக் கேட்டு வாங்கி இன்னொரு தரம் முடுக்கினேன். எந்தப் பக்கம் என்று கை ஒரு நிமிஷம் தடுமாறியது. பிள்ளைகள் கத்த ஆரம்பித்திருந்தார்கள்.