பேனாக்கத்தியும் பேரேடும்

வியாபாரப் பெருமக்களாகிய சங்க அன்பர்கள் முன் ஒரு சின்ன விஷயத்தை வைக்கிறோம். சட்டைப் பையில் அடங்கும் அளவுக்குச் சின்னது. அளவான வருமானமுள்ள ஒருவர், விலை உயர்ந்த பேனாக்கத்தி ஒன்றை வாங்கலாமா, கூடாதா? இதற்கும் ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்குத் தெரியும். வீடு வாங்குகிறவர் பத்துப் பேரிடம் யோசனை கேட்கிறார். கத்தி, கடிகாரம், பேனா வாங்குகிறவர் யாரிடமும் கேட்பதில்லை. தம் மனத்தைக்கூடக் கேட்பதில்லை.

நாம் கடை வைத்திருப்பது குவீன்ஸ்டவுனில். இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டை ஒட்டி 1953இல் பெயர் பெற்ற ஊர் இது. சிங்கப்பூரின் முதல் துணைநகரம். கம்பத்து வீடுகளிலிருந்தும் நெரிசலான கடைவீடுகளிலிருந்தும் அடுக்குமாடிக்கு வந்த ஜனங்கள், மாதம் பிறந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர் என்று தேதி தவறாமல் கட்டவேண்டியிருந்தது. 'பட்ஜெட்' என்ற சொல்லைக் கேளாமலே பட்ஜெட் போட்டவர்கள் அவர்கள். கீழ்த்தளக் கடைகளில் அவர்கள் காசை எண்ணி வைத்த விதத்தை மூத்த வியாபாரிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் உலகத்துக் கத்திகளையெல்லாம் பார்க்கிறார்கள். இரண்டு வெள்ளிக்கும் கத்தி இருக்கிறது. முந்நூறு வெள்ளிக்கும் இருக்கிறது. இரண்டும் கயிற்றை அறுக்கத்தான் செய்யும்.

அப்படியானால் முந்நூறு வெள்ளி எதற்கு? இதை நாம் இளக்காரமாகக் கேட்கவில்லை. விலை என்பது என்ன என்று தெரிந்தவர்கள் நாம்தானே!

முதலில் இரண்டு வெள்ளிக் கத்தியைத் தாழ்வாக எண்ண வேண்டாம். மழுங்கிய நுனியை ஒடித்துப் போட்டுப் புது நுனியை வெளியே தள்ளும் கட்டர் 1956இல் ஜப்பானில் பிறந்தது. அச்சுக்கூடத்தில் காகிதம் வெட்டிய ஒகாடா என்பவர், சாக்லேட் கட்டி கோடு கோடாக ஒடிவதைப் பார்த்து அலகிலும் அப்படிக் கோடு போட்டார். அட்டைப்பெட்டி திறக்க அதைவிட உசிதமான கருவியை நாம் கண்டதில்லை. அதற்கு மேல்படியில் பிரான்சு நாட்டின் மரப்பிடிக் கத்தி. சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒபினெல் தொடங்கியது. அலகு தானே மடங்கி விரலை நறுக்காதபடி 1955இல் ஒரு சுழல் வளையத்தைச் சேர்த்தார்கள். இன்றும் அது குடியானவர் வாங்கக்கூடிய கத்திதான்.

அடுத்தது எல்லாரும் அறிந்த சிவப்புக் கத்தி. இதன் கதையைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஈபாக் என்னும் ஊரில் கார்ல் எல்ஸனர் என்பவர் 1884இல் பட்டறை தொடங்கி, 1891இல் தம் நாட்டுப் படைக்குக் கத்தி வழங்கினார். அந்தச் சிப்பாய்க் கத்தியில் ஓர் அலகு, ஒரு துளையூசி, டப்பா திறக்கும் கருவி, துப்பாக்கியைக் கழற்ற ஒரு திருப்புளி. சிப்பாயின் வேலை எதுவோ அதுதான் கத்தியில் இருந்தது. ஆனால் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்தார் அதையே குறைந்த விலைக்குச் செய்து கொடுத்தார்கள். எல்ஸனர் கடனாளியானார். பிறகு 1897இல் அவர் 'அதிகாரிக் கத்தி' என்று ஒன்றைச் செய்து பதிவு செய்தார். கனம் குறைவு, கூடுதலாக ஒரு சிறிய அலகும், மதுப்புட்டியின் தக்கையைப் பிடுங்கும் திருகும். படை அதைத் தன் சாமான் பட்டியலில் சேர்க்கவே இல்லை. அதிகாரிகள் தங்கள் கைக்காசைப் போட்டு வாங்கினார்கள். உலகமெல்லாம் போனது அந்தக் கத்திதான்.

தேவைக்குச் செய்த கத்தி செய்தவரைக் கடனில் தள்ளிற்று. ஆசைக்குச் செய்த கத்தி கரையேற்றிற்று! நம்மவர் பைகளில் கிடக்கும் சிவப்புக் கத்தியிலும் பெரும்பாலும் அந்தத் தக்கைத் திருகு இருக்கிறது. நமக்கு இது எதற்கு என்று கேட்டால், கயிற்று முடிச்சை அவிழ்க்க உதவும் என்கிறார்கள். உதவும்தான். ஆனால் அந்த உபயோகம் வாங்கிய பிறகு கண்டுபிடித்த உபயோகம்.

முந்நூறு வெள்ளிக் கத்தியின் விலையில் என்னென்ன அடக்கம்? உயர்ந்த உருக்கு ஒரு பங்கு. இம்மியும் ஆடாத பூட்டு ஒரு பங்கு. கைவேலை ஒரு பங்கு. இவையெல்லாம் நேர்மையான விலைகள். மிச்சம் பெயருக்கும் பெட்டிக்கும், 'இத்தனைதான் செய்தோம்' என்ற விளம்பரத்துக்கும். எந்த இடத்தில் உருக்கின் விலை முடிந்து பெயரின் விலை தொடங்குகிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. சரக்குப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் நமக்கு ஓரளவு தெரியும்.

விலை கூடிய கத்தி என்றாலே வீண்விரயம் என்று சிலர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இது நமக்கு உடன்பாடில்லை. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் குடியானவரை யாராவது ஊதாரி என்பார்களா? தேக்காச் சந்தையில் ஆட்டிறைச்சி வெட்டுகிறவர் நல்ல கத்திக்குச் செலவு செய்தால் அது அவர் தொழிலுக்குச் செய்யும் மரியாதை. குர்பானி கொடுக்கும்போது கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், பிராணியை வதைக்கக்கூடாது என்பது மதறஸாப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மார்க்கம் கேட்பது கூர்மையை. அது சாணைக்கல்லிலும் கிடைக்கும். அதுபோலவே, அலமாரியில் பிரிக்காத பெட்டிகளாக ஐந்து கத்தி அடுக்கி வைத்திருக்கும் செல்வரை ஒருவரும் விரயம் என்று சொல்வதில்லை. அவரால் முடிகிறது என்று விட்டுவிடுகிறார்கள். நம் அபிப்பிராயத்தில், அறுக்காத கத்தி யாரிடம் இருந்தாலும் விரயம்தான்.

மதறஸாவில் உஸ்தாதுமார்கள் சொல்லித் தந்த ஒரு வகுப்பு இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி போன்ற பெரியார்கள் மனிதனுக்கு வேண்டியவற்றை மூன்று தட்டாகப் பிரித்தார்கள். இல்லாவிட்டால் வாழ்வே குலையும் என்பது முதல் தட்டு. இல்லாவிட்டால் சிரமம் என்பது இரண்டாவது. இருந்தால் அழகு, சிறப்பு என்பது மூன்றாவது. நாம் கவனிக்க வேண்டியது, மூன்றாம் தட்டை அவர்கள் ஹராம் என்று தள்ளவில்லை. அதற்கும் இடம் கொடுத்தார்கள், மூன்றாவது இடம். வியாபாரிக்கு இது எளிதில் விளங்கும். பேரேட்டில் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு தலைப்பு உண்டு. ஆசைச் செலவை ஆசை என்ற தலைப்பில் எழுதினால் அது நேர்மையான கணக்கு. அதையே தேவை என்ற தலைப்பில் எழுதினால், கூட்டல் கழித்தல் எவ்வளவு சரியாக இருந்தாலும் கள்ளக்கணக்குத்தான்.

இப்படித் தலைப்பு மாறுவது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். இராமநாதபுரம் பக்கத்து இளைஞர் ஒருவர், பண்டசாலையில் வேலை. நாளெல்லாம் அட்டைப்பெட்டிகளும் கட்டுக்கயிறும் அறுக்க வேண்டும். ஊருக்கு அனுப்பியது போக மாதம் நூற்றைம்பது வெள்ளி கையில் நிற்கும் என்று அவரே சொன்னார். தொலைபேசியில் ஒரு மடக்குக்கத்தியைக் காட்டினார். விலை 280 வெள்ளி. நம் மூலமாகத் தருவித்து, இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

"நானா, ஒரு தடவை வாங்கினால் இருபது வருஷம் உழைக்கும். வருஷத்துக்குப் பதினாலு வெள்ளி. ஒரு நாளைக்கு நாலு காசுகூட ஆகாது."

வகுத்துப் பார்த்தோம். கணக்குச் சரிதான்.

"தம்பி, இருபது வருஷக் காசையும் இன்றைக்கே அல்லவா கேட்பார்கள்! நாளுக்கு நாலு காசாக வாங்கிக்கொள்வார்களா?"

சிரித்துவிட்டார். "வேலைக்கு முதலாளி கட்டர் கொடுப்பதில்லையா?" என்றோம். "கொடுக்கிறார். வேலைக்கு அது போதும்" என்றார். சற்றுப் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஆனால் நானா, நல்ல சாமான் ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தோன்றவே கூடாதா?"

முதலில் சொன்ன நாலு காசுக் கணக்கைவிட இந்தப் பேச்சு எவ்வளவோ மேலானது. நாலு காசுக் கணக்கு அவருடைய ஆசைக்குத் தேவையின் சட்டையை மாட்டி அழைத்து வந்தது. இருபது வருஷம் கத்தி தொலையாது என்றும், பேருந்தில் மறந்து வைக்கமாட்டோம் என்றும், யாரும் இரவல் கேட்டுக் கொண்டுபோகமாட்டார்கள் என்றும் அது சொல்லாமல் சொல்கிறது. வேலை அனுமதியோ இருபது வருஷத்துக்குக் கொடுக்கப்படுவதில்லை. இரண்டாவது பேச்சில் இந்த வேஷம் எதுவும் இல்லை. ஆசை ஆசையாகவே வந்து நின்றது.

தோன்றக்கூடாதா என்றால், தாராளமாகத் தோன்றலாம். நாளெல்லாம் கத்தி பிடிக்கும் கைக்கு நல்ல கத்தி பிடித்துப் பார்க்க ஆசை வருவது இயல்பு. அந்த ஐந்து பெட்டிக்காரரைவிட இவருக்கே அதில் உரிமை அதிகம். ஏழை என்றால் எப்போதும் மட்டமான சரக்கைத்தான் தொடவேண்டும் என்று எந்த மார்க்கமும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பெரும்பாலும் வயிறு நிறைந்தவர்கள்தான். ஆனால் ஆசை என்று ஒப்புக்கொண்ட உடனே வரிசை என்ற ஒன்று வந்துவிடுகிறது. அது யார் பணம்? ஊரில் தாயார் மருந்துக்கும் தம்பி படிப்புக்கும் ஒதுக்கிய பணம் இவர் கையில் இருந்தாலும் அமானிதம். அதைத் தொட்டு வாங்கினால் இருபது வெள்ளிக் கத்தியும் விலை உயர்ந்த கத்திதான். தம் தேநீர்க் காசிலும் கைச்செலவிலும் மிச்சம் பிடித்து வாங்கினால் அது இவருடைய சந்தோஷம். அதற்குக் கணக்குக் கேட்க நாம் யார்? தவணை அந்த இரண்டு பணத்தையும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆகவே தவணை வேண்டாம் என்றோம். தனியே ஓர் உறையில் போட்டு வாருங்கள், நிறைந்த பிறகும் மனம் கேட்டால் தருவித்துத் தருகிறோம் என்றோம்.

விற்கிறவர் இதையெல்லாம் பேசவேண்டுமா என்று நம் தொழில் நண்பர்கள் கேட்பார்கள். வாங்குகிறவருடைய வறுமை சரக்கின் குறை அல்லவே? இது நியாயமான கேள்வி. வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் குடும்பக் கணக்கையும் கிளறுவது மரியாதையும் அல்ல. கேட்காதவருக்கு நாம் சொல்வதில்லை. இவரோ தம் கணக்கைத் தாமே எடுத்து வைத்து, சரியா என்று கேட்டார். கேட்டவரிடம் வாய்மூடி இருப்பது வேறு.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்டு, அதை மேலே தெரியும்படி வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நாம் அனைவரும் அறிந்தது. இந்தக் கத்தியின் குவியலுக்குள்ளும் ஈரம் இருக்கிறது. மிகக் கடினமான உருக்கு நாட்பட மழுங்காது; மழுங்கிவிட்டால் சாதாரணச் சாணைக்கல்லுக்கு எளிதில் மசியாது. அதற்கு வைரத்தூள் பதித்த கல் வேண்டும். அது தனி விலை. மலிவான கரி உருக்கோ நிமிஷத்தில் கூராகும். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் துருப்பிடிக்கும். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதை 1958லேயே சிங்கப்பூர்ச் சட்டம் குற்றமாக்கிவிட்டது. கண்டிப்பு இன்றும் தளரவில்லை. வேலைக்கான கத்தி வேலையிடத்துப் பெட்டியில் இருப்பதே சிலாக்கியம். பையில் போட்டுக்கொண்டு இரவில் சிராங்கூன் சாலையில் உலாவுவதற்கான சாமான் அல்ல அது. 2001 செப்டம்பருக்குப் பிறகு விமானத்தில் கைப்பையில் கத்தி கொண்டுபோக விடுவதில்லை. ஊருக்குப் போகிற அவசரத்தில் மறந்துவிட்டால் 280 வெள்ளியைச் சாங்கி விமான நிலையத்துச் சோதனை மேசையில் வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். இந்தத் தடை வந்தபோது சிவப்புக் கத்திக்காரர்களின் வியாபாரமே வெகுவாக விழுந்துபோயிற்று. நல்ல காலத்தில் சேர்த்து வைத்த இருப்பு இருந்ததால் ஆட்களை வேலையிலிருந்து நீக்காமல் அவர்கள் சமாளித்தார்கள் என்பது வியாபாரிகள் கேட்டு வைக்கவேண்டிய செய்தி.

கத்தியின் படத்தை மட்டும் காட்டி இவற்றைச் சொல்லாமல் விட்டால், ஈரத் தானியத்தின் மேல் உலர்ந்த தானியத்தைப் பரப்புவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று நமக்கு விளங்கவில்லை. சொன்னால் வியாபாரம் குறையும் என்கிறார்கள். குறைகிறது, பொய் சொல்வானேன்.

அந்த இளைஞர் அன்று எட்டு வெள்ளிக்கு ஒரு சாணைக்கல் மட்டும் வாங்கினார். வீட்டு அடுப்படியில் மழுங்கிக் கிடக்கும் கத்தியில் தீட்டிப் பழகப்போவதாகச் சொன்னார். உறையில் இன்றுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று நாம் கேட்கவில்லை.