தேய்கிறவர்கள்

காரைக்குடிக்குத் தென்மேற்கே, சிவகங்கை வட்டாரத்தில் பூமிக்குள் கிராபைட் கிடக்கிறது. பென்சிலுக்குள் இருக்கிறதே, அந்தக் கரும்பொருள்தான். தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை வெட்டியெடுத்துச் சுத்தம் செய்கிறது. கல்லோடு கலந்து கிடப்பதை அரைத்தால்தான் பிரிக்க முடியும்.

தாது அரைக்கும் ஆலைகளில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் 'பால் மில்' என்றபோது, நான் பசும்பாலை நினைத்துக்கொண்டேன். அவர் சிரித்தார். பால் என்றால் பந்தாம். பெரிய உருளைக்குள் தாதுவையும் எஃகு உருண்டைகளையும் போட்டுச் சுழற்றுவார்கள். உருண்டைகள் மேலேறி விழுந்து கல்லை நொறுக்கும்.

"உருளையே நொறுங்கிவிடாதோ?" என்றேன்.

"அதற்குத்தான் உள்ளே லைனர் பதிக்கிறோம்" என்றார்.

அடியையெல்லாம் வாங்கிக்கொள்ளும் கனத்த தகடுகள் அவை. ரப்பரிலும் உண்டு. 1882-இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த மாங்கனீஸ் எஃகுக்கு ஒரு விசேஷம்: அடிபட அடிபட அதன் மேற்புறம் இறுகும். இறுகினாலும் தேயும்.

எனக்கு அத்தையின் நினைவு வந்தது. இளம் வயதிலேயே கணவனை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். ஒரே வளவைச் சுற்றி நான்கு குடும்பங்கள். அப்பத்தாவின் கோபம், மருமகள்களின் கண்ணீர், ஆண்களின் கடன் கவலை எல்லாம் அவள்மீதுதான் வந்து விழுந்தன. "அவளால்தான் குடும்பம் உடையாமல் இருக்கிறது" என்று ஊரே புகழ்ந்தது. நானும் புகழ்ந்தேன். பத்து நாள் அவள் எங்காவது போய் நிம்மதியாக இருந்துவிட்டு வரட்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆலையில் அப்படியில்லை. அவ்வப்போது உருளையை நிறுத்தி, உள்ளே இறங்கி, தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள். கனம் மிகவும் குறைந்துவிட்டால் மாற்றுகிறார்கள். வேலை நிற்பதால் வரும் நஷ்டத்தையும் பொறுத்துக்கொள்கிறார்கள். தகட்டை யாரும் புகழ்வதில்லை.

பிறருக்காகத் தேய்வது தர்மமா என்று கேட்டால், மனம் விரும்பித் தேய்கிறவருக்கு அது தர்மம்தான் என்பேன். ஆனால், அவர் நிழலில் பத்திரமாக இருக்கிறோமே, நம்முடைய தர்மம் என்ன? தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பதிக்கலாம்; மனிதரை அப்படிச் செய்ய முடியாது. அவர்மேல் விழுகிற அடியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்ளலாம். அது கஷ்டம். அதனால்தான் புகழ்ந்துவிட்டுப் போகிறோம். அளந்து பார்க்காமல் இருப்பதற்குப் புகழ்ச்சியைப் போலச் சுலபமான வழி வேறில்லை.

அத்தை காலமாகி மூன்று மாதத்தில் வீட்டில் பாகப்பிரிவினை நடந்தது. அன்றும் எல்லோரும் அவளைப் புகழ்ந்துகொண்டுதான் இருந்தோம்.