சொல்லாமல் செய்த நன்மை

அம்மாவின் போன் 30 சதவீதத்தில் அணைந்துபோக ஆரம்பித்தது 2023 பங்குனியில். குவைத்திலிருந்து தம்பி அழைப்பான். "நல்லாருக்கியாம்மா" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் திரை கறுத்துவிடும். சார்ஜரில் செருகினால் உயிர் வரும், மூலையில் மறுபடியும் 29 என்று காட்டும். "இது பொய் சொல்லுதுப்பா" என்றாள் அம்மா. ஐந்து வருடத்துக்கு முன் தம்பி விடுமுறைக்கு வந்தபோது வாங்கிவந்த போன் அது. சாயல்குடியில் தனியாக இருக்கும் அவளுக்கு அதுதான் மூன்று பிள்ளைகளும்.

முதலில் மதுரையில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே பேச்சுதான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். டோக்கன் வாங்கி ஒரு மணிநேரம் ஏசியில் உட்கார்ந்திருந்தோம். கவுண்டரில் இருந்த பெண், பேட்டரி ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டால் பத்து நாளாகும் என்றார். போனில் இருப்பதெல்லாம் அழிந்துபோகலாம், அதற்குக் கையெழுத்து வேண்டும். திரையின் ஓரத்தில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது. திறக்கும்போது அது உடைந்தால் பொறுப்பில்லை, அதனால் திரையையும் மாற்றிவிடுவது நல்லது. கூட்டிப் பார்த்தால் ஏழாயிரத்துக்கு மேல். "அதுக்கு நீங்க புதுசே எடுத்துரலாம் சார், எக்ஸ்சேஞ்ச் இருக்கு" என்று முடித்தார். பேசியதெல்லாம் என்னிடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாதான் போனின் சொந்தக்காரி என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பி, சாயல்குடி பஜாரில் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். இருபத்தைந்து வயதுப் பையன். போனின் முதுகைச் சூடுகாட்டி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் நுழைத்து, பசையை அறுத்துத் திறந்தான். உள்ளே பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. அதை வெளியே எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்துச் சுண்டிவிட்டான். பம்பரம் போலச் சுற்றியது. அவன் பேசியது என்னிடம் இல்லை.

"பாருங்க அப்பத்தா, நல்ல பேட்டரின்னா தட்டையா இருக்கும், சுத்தாது. இது உள்ளுக்குள்ள கேஸ் புடிச்சு உப்பிப்போச்சு. முன்ன புடிச்ச கரண்ட இப்பப் புடிக்காது. இருக்கறதயும் வேணுங்கற நேரத்துல வேகமா வெளிய விடாது. வீடியோ கால்னா போன் ஒரே மூச்சுல நெறயாக் கேக்கும். இதால குடுக்க முடியாது, படுத்துரும்."

அம்மா ஒரு கணம் யோசித்தாள். "கம்மா தூந்துபோன மாதிரிங்கற."

"அதேதான். மடையும் அடைச்சுக்கிருச்சு."

இதைவிடச் சரியாக ஒரு லித்தியம் அயனி பேட்டரியின் முதுமையை விளக்கமுடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கரைவரை தண்ணீர் நிற்பதுபோல் தெரியும், ஆனால் அடியில் வண்டல் ஏறி ஆழம் போயிருக்கும். அது கொள்ளளவு. மடை அடைத்திருந்தால் இருக்கும் தண்ணீரும் வயலுக்கு வேகமாகப் பாயாது. அது உள்தடை. 1991-ல் சோனி இந்தவகை பேட்டரியை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கிய மூவருக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும், நிரப்பி வடிய வடிய அது தேயத்தான் செய்யும். சுமார் 500 முறை முழுதாக நிரம்பி வடிந்தால் பழைய கொள்ளளவில் 80 சதவீதம் மிஞ்சும் என்பது பல போன்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. எங்கள் பக்கத்து வெயில் அந்தத் தேய்மானத்தை இன்னும் விரட்டும்.

பையன் இரண்டு பேட்டரிகளை எடுத்துவைத்தான். ஒன்று 700 ரூபாய், மற்றது 1,400. "ரெண்டுமே கம்பெனி ஒரிஜினல் இல்ல அப்பத்தா. அது எங்க கைக்கு வராது. சொல்லிட்டுத்தான் போடுவேன். இது ஒரு வருசம் ஓடுனாப் பெருசு. அது கொஞ்சம் கூட ஓடும். இன்னொன்னு, தொறந்து மூடுனதால இனித் தண்ணி படக்கூடாது." அம்மா 1,400 ரூபாய் பேட்டரியைக் காட்டினாள். நான் பர்ஸை எடுக்கும்முன் தன் சுருக்குப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் நின்றாள். மூச்சு வாங்கியது. வேலிக்கருவை நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "போனுக்கு என்னன்னு அந்தப் புள்ள எங்கிட்டத்தான சொன்னுச்சு. எனக்கு என்னன்னு நீங்க யாருகிட்டப் பேசிக்கிறீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.

அதற்கு எட்டு மாதம் முன்பு மதுரையில் அம்மாவுக்கு எக்கோ எடுத்திருந்தோம். பம்பிங் 35 சதவீதம் என்றார் டாக்டர். சாதாரணமாக 55-க்கு மேல் இருக்கவேண்டும். மாத்திரை, உப்புக் குறைவு, பாரம் தூக்காமை. அன்று இரவே நானும் பரமக்குடியில் இருக்கும் அக்காவும் தம்பியும் போனில் பேசி முடிவெடுத்தோம். அம்மாவிடம் சொல்லவேண்டாம். காரணம் எங்கள் பெரியப்பா. அவருக்குப் புற்றுநோய் என்பதை ஒரு கல்யாண வீட்டில் யாரோ போட்டு உடைத்தார்கள். மனிதர் அன்று படுத்தவர்தான், இரண்டு மாதத்தில் போய்விட்டார். "மனசு விட்ருவாகடா" என்றாள் அக்கா.

அதனால் அம்மாவைச் சொல்லாமலே மெதுவாக்கினோம். மாத்திரைகளை 'சத்து மாத்திரை' என்றோம். தள்ளுவண்டியில் குடங்களை வைத்துத் தண்ணீர் எடுக்கப் போவதை, முட்டு தேயும் என்று சொல்லி நிறுத்தினோம். மேய்க்க ஆளில்லை என்று நான்கு ஆடுகளையும் விற்றோம். கருவாட்டுக்கு ஒரு பொய்: "மூக்கையூர்ல இப்ப நல்ல கருவாடு வர்றதில்லம்மா." கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவளிடம் இதைச் சொன்னோம்.

நாங்கள் செய்ததற்கு நேர் இணையான ஒரு காரியம் உலகளவில் நடந்து, அதன்மேல் தீர்ப்பும் வந்திருக்கிறது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. 2017 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களுக்கு ஒரு மென்பொருள் புதுப்பிப்பை அனுப்பியது. பேட்டரி தேய்ந்த பழைய போன்கள் திடீரென அணைந்துபோவதை அது குறைத்தது. எப்படிக் குறைத்தது என்பது அந்த வருடம் டிசம்பரில்தான் வெளியே தெரிந்தது. பேட்டரியை மாற்றியதும் தன் போன் பழைய வேகத்துக்குத் திரும்பியதை ஒரு பயனர் கவனித்து எழுதினார். வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் செயலியை உருவாக்கிய ஜான் பூல் தன்னிடம் இருந்த அளவீடுகளை வைத்து வரைபடம் போட்டுக் காட்டினார். பேட்டரியால் தாங்கமுடியாத அளவுக்குப் போன் மின்சாரம் கேட்காதபடி, போனின் வேகத்தையே மென்பொருள் குறைத்திருந்தது.

பொறியியலாக இது பிழையில்லை. படுத்துவிடும் போனைவிட மெதுவான போன் மேல். ஆயுளைக் குறைக்க ஒருபோதும் வேண்டுமென்று எதுவும் செய்ததில்லை என்று ஆப்பிள் சொன்னது. ஆனாலும் டிசம்பர் 28 அன்று மன்னிப்புக் கேட்டது. பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. இந்தியாவில் 6,500 ரூபாயிலிருந்து, வரி தவிர, 2,000 ரூபாய். 2018-ல் பேட்டரியின் நிலையை உரிமையாளரே பார்க்கும் வசதியும், வேகக்குறைப்பை வேண்டாமென்று அணைக்கும் வசதியும் வந்தன. 2020 பிப்ரவரியில் பிரான்ஸின் நுகர்வோர் அமைப்பு 250 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அங்கே குற்றமாகச் சொல்லப்பட்டது வேகக்குறைப்பு இல்லை. அதை மக்களிடம் சொல்லாமல் விட்டது.

சொல்லாததால் என்ன நஷ்டம்? போன் வேகம் குறைந்தது, காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாத இடத்தில் மனிதன் சும்மா இருப்பதில்லை, தானே ஒன்றை வைத்துக்கொள்வான். 'போன் பழசாகிவிட்டது, இவ்வளவுதான் இதன் ஆயுள்' என்று எண்ணி எத்தனையோ பேர் புதுப்போன் வாங்கியிருப்பார்கள். தேவைப்பட்டதோ ஒரு பேட்டரி. 2019 ஜனவரியில் ஐபோன் விற்பனை எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்கு டிம் குக் முதலீட்டாளர்களிடம் சொன்ன காரணங்களில் ஒன்று, மலிவு விலையில் பேட்டரி மாற்றிக்கொண்டவர்கள். உண்மை தெரிந்ததும் மக்கள் வேறுமாதிரி முடிவெடுத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அம்மாவும் காரணத்தைத் தானே வைத்துக்கொண்டிருந்தாள். கல்லில் உட்கார்ந்தபடி அன்று சொன்னாள்: "ஆட்ட வித்தீங்க, தண்ணிக்குப் போகாதன்னீங்க. சரி, புள்ளைகளுக்கு நம்ம கை காலு மேல நம்பிக்க இல்ல, நம்ம இனி ஆகாதுன்னு நெனச்சுக்கிட்டேன்." எட்டு மாதம் அவள் அந்த எண்ணத்தோடு இருந்திருக்கிறாள். மனசு விட்டுவிடுவாள் என்று பயந்து நாங்கள் செய்த காரியமே அவள் மனசை விட வைத்திருக்கிறது.

குற்றமில்லாத நன்மையைத் தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று வள்ளுவர் இடம் கொடுக்கிறார். எங்களைப் போன்ற பிள்ளைகள் அந்த நிழலில் ஒதுங்குவது வழக்கம். கான்ட் அந்த இடத்தையும் கொடுப்பதில்லை. அன்பினால் சொல்லும் பொய்க்கும் உரிமையில்லை என்று 1797-ல் ஒரு கட்டுரையே எழுதினார். நான் வள்ளுவர் பக்கம்தான். ஆனால் 'குற்றமில்லாத' என்ற நிபந்தனையை நாங்கள் எளிதாகத் தாண்டிவிடுகிறோம். அந்த மௌனம் யாருடைய பாரத்தைக் குறைத்தது என்று கேட்டுப் பார்த்தால் அது தெரியும். உண்மையைச் சொன்னால் அம்மா அழுவாள், கேள்வி கேட்பாள், யாராவது ஒருவர் வந்து கூட இருக்கவேண்டியிருக்கும். சொல்லாததால் நாங்கள் மூன்று பேரும் எங்கள் எங்கள் ஊரில் நிம்மதியாக இருந்தோம். அவளுக்காக என்று சொல்லிக்கொண்ட மௌனத்தில் எங்கள் பங்கு லாபம் இருந்தது.

அப்படியானால் பெரியப்பா? அந்தச் சம்பவத்தை நான் தள்ளிவிடமுடியாது. சொன்னதால் செத்தாரா, நோயால் செத்தாரா என்று யாரும் நிரூபிக்கப் போவதில்லை. ஆனால் அவருக்குச் சொன்னவர் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். கடைப் பையன் சொன்னது வேறுமாதிரி. உப்பிய பேட்டரியைக் காட்டியபோதே மாற்று இரண்டையும் பக்கத்தில் வைத்தான், இரண்டின் குறையையும் சொன்னான், முடிவை அவளிடம் விட்டான். சொல்வது என்றால் அவ்வளவும் சேர்ந்ததுதான்.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் யாரையும் கேட்கவேண்டியதில்லை. அம்மாவின் முந்தைய போன் நோக்கியா 1100. கட்டைவிரலால் அழுத்தினால் முதுகு கழன்றுவரும். 2007 ஆகஸ்டில் நோக்கியா தன் பிஎல்-5சி பேட்டரிகளில் 460 லட்சம் சூடாகிவிட வாய்ப்புண்டு, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று அறிவித்தபோது, ஊர் ஊராக ஜனங்கள் போனைத் திறந்து, பேட்டரியில் இருந்த 26 எழுத்து எண்களைத் தாங்களே படித்துப் பார்த்தார்கள். பயம் இருந்தது, ஆனால் பார்க்க முடிந்தது. பிறகு போன்களைப் பசைபோட்டு மூடினோம். இப்போது ஐரோப்பாவில், 2027 பிப்ரவரியிலிருந்து பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற வசதி இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். இந்தியாவிலும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் துறை ஒரு தளத்தைத் தொடங்கியது. தன் பொருளுக்குள் என்ன நடக்கிறது என்று அறிய ஒருவருக்கு உரிமை உண்டு என்பதைப் பேட்டரி விஷயத்தில் ஒப்புக்கொண்டு வருகிறோம். தன் உடம்புக்குள் நடப்பதை அறிய அம்மாவுக்குள்ள உரிமையைத்தான் மூன்று பிள்ளைகள் கூடி ஒரு போன் பேச்சில் தள்ளுபடி செய்திருந்தோம்.

அந்தக் கல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். 35 என்றால் என்ன, 55 என்றால் என்ன, யாருக்கும் 100 கிடையாது, எந்த மாத்திரை எதற்கு. இதற்கு மாற்றுப் பேட்டரி இல்லை என்பதையும் சொன்னேன். அது சொல்லக் கஷ்டமாக இருந்தது. அவள் அழவில்லை. வெகுநேரம் பேசவுமில்லை. பிறகு, "தெரிஞ்சிருந்தா நானே மெதுவா நடந்திருப்பேன்ல" என்றாள். கொஞ்சம் கழித்து, "கருவாடு வேணாம்னு சொன்னா விட்ருக்க மாட்டேனா? மூக்கையூர எதுக்குக் கொற சொன்னீங்க?"

அதன்பின் அவள் கணக்குப் போட்டாள். தண்ணீர் வண்டி வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுகிறவரிடம் காசுக்கு வாங்கிக்கொள்வாள். ஆடு வேண்டும், ஆனால் நான்கு வேண்டாம், இரண்டு போதும். மாரியூர்க் கோயிலுக்கு நடந்து போகமாட்டாள், ஆட்டோவில் போவாள். நாங்கள் அவளிடமிருந்து பிடுங்கியவற்றில் பாதிக்குமேல் அவளே விட்டுவிட்டாள். மீதியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அந்தப் பாதி எது என்று எங்களால் ஊகித்திருக்கவே முடியாது. எனக்கு ஆடும் வண்டியும் ஒன்றுபோல் உழைப்பாகத்தான் தெரிந்தன. அவளுக்கு ஒன்று வேலை, மற்றது துணை.

அன்று இரவு தம்பி வீடியோவில் வந்தான். மூலையில் 22 சதவீதம் காட்டியது. நான் சார்ஜரைத் தேடினேன். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவனிடம் சொன்னாள்: "எனக்குப் பம்பிங் முப்பத்தஞ்சாம்டா. ஒனக்குத்தான் தெரியுமே."

அந்தப் பக்கம் தம்பி வாயைத் திறந்தான், மூடினான். என்ன சொல்வதென்று தெரியாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்பென்றால் அந்நேரம் போன் அணைந்து அவனைக் காப்பாற்றியிருக்கும். அன்று அணையவில்லை.